எட்டில் ஐந்தை அனுப்பிய மதியம்

அறந்தாங்கி நெல் மண்டியில் மதியம் இரண்டேகால் மணிக்கு, இன்னாசியின் மூட்டைக் கொக்கி அய்யப்பனின் தோளில் இறங்கி மறுபக்கம் முனை காட்டியது.

சுமை தூக்கும் இருவருக்கும் சண்டை, லோடு ஏற்றும் முறைக்கு. அடுத்த லாரி யாருக்கு என்பதை இப்போதெல்லாம் போனில் உள்ள ஆப்தான் சொல்கிறது. மூன்று நாள் காத்திருந்து முறைப் பட்டியலில் முதல் ஆளாக வந்த இன்னாசி, சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது அதில் ஒரு பெயரும் இல்லை. போனை முந்தித் தொட்ட அய்யப்பனுக்கு லாரி விழுந்துவிட்டது.

"தூங்குறவனுக்கு லோடு எதுக்குடா? கனவுல ஏத்து!" என்று சிரித்தான் அய்யப்பன். அந்தச் சிரிப்பு முடியவில்லை.

மூட்டை தூக்கும் கிழவர் குழந்தைசாமி மாடிப்படியின் அடியில் போய் நின்றார். மண்டி மாடியில் உட்கார்ந்து அந்த ஆப்பை ஓட்டுவது அவர் மகள் காவ்யா. போன வாரம் சோற்றின் முன்னால் அழுதாள்.

"ஆப்புக்காக எங்கயோ கிளவுட்ல எட்டு கம்ப்யூட்டர் மெஷினு வாடகைக்கு ஓடுதுப்பா. எட்டும் சேந்தா கிளஸ்டர்னு பேரு. பில்லக் கொறைக்கலன்னா மொதலாளி ஆபீஸ மூடிருவாராம்."

"எட்டுக்கும் எப்பவும் வேல இருக்கா?"

"மதியமும் ராவுலயும் யாரும் தொடுறதே இல்ல."

"அப்ப அஞ்சு பேர வீட்டுக்கு அனுப்பு." நாற்பது வருசமாக வேலை இல்லாத நேரத்தில் அவரை அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இன்றைக்கு மதியம்தான் முதல் தடவை ஐந்து மெஷினை அணைத்து அனுப்பினாள். போன ஐந்தில் ஒன்று முறைப் பட்டியலை வேறெங்கும் எழுதி வைக்காமல் தன் தலையிலேயே வைத்திருந்தது. அதோடு பட்டியலும் போயிற்று.

"லிஸ்ட அழிச்சவ மேலதானே இருக்கா!" கொக்கியை உருவிக்கொண்டு இன்னாசி படியில் பாய்ந்தான். குழந்தைசாமி மறித்தார். நெஞ்சில் உதை விழுந்தது. சரிந்தவர் அவன் காலைப் பிடித்து இழுக்க, இன்னாசியின் வாய் கல்படியில் மோதிப் பல் தெறித்தது. எழுந்த வேகத்தில் கொக்கியை ஓங்கி இறக்கினான். கிழவர் கையை நீட்டினார். முனை உள்ளங்கையைத் துளைத்தது. அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"விடுண்ணே! அவளக் கிழிக்காம விட மாட்டேன்."

"சொல்லிக் குடுத்தவன் நான்டா. இங்கிட்டே கிழி."

இன்னாசி இழுத்தான். சதை கிழிந்தது, பிடி தளரவில்லை. கிழவரின் ரத்தம் அவன் முழங்கை வரை வழிந்தது. அதைப் பார்த்தவன் கைப்பிடியை விட்டுவிட்டு உட்கார்ந்தான். "மூணு நாளு நின்னேண்ணே" என்று பல்லைத் துப்பினான்.

அங்கிட்டு அய்யப்பனை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். காவ்யா இறங்கி வந்தாள். "அஞ்சையும் திரும்பக் கூப்புடுறேன்பா. ஆபீஸ் போனாப் போகுது."

குழந்தைசாமி பல்லால் துண்டை இழுத்துக் கையைச் சுற்றினார்.

"அனுப்புறத நிறுத்தாத ஆத்தா. தலைச்சுமையோட எவனும் வீட்டுக்குப் போறதில்ல. பட்டியல நிக்கிற மூணு பேருகிட்ட எறக்கி வச்சுட்டுப் போகச் சொல்லு."