பசார் வீதி, நாற்பத்து மூன்று

ஊவா மாகாணத்தில் முதுகெலும்புள்ள மனிதர்களை எண்ணத் தொடங்கினால், அந்தக் கணக்கு விஜேந்திரனில் தொடங்கி விஜேந்திரனிலேயே முடிந்துவிடும். இதைச் சொன்னவனும் விஜேந்திரன்தான் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கிரேன்ஹில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில், ஏழாம் காம்பரா என்ற ஒற்றை அறையில், ரொட்டியைச் சம்பலில் தொட்டபடி அவன் அதைச் சொன்னான். தம்பி நிருபன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் மூத்த அண்ணன் கொழும்பில் வேலை செய்வதால் வீட்டுப் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்த அண்ணி கமலாதேவி, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகெலும்பைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"பசார் வீதி, நாப்பத்து மூணு. அது யாரு வீடுடா?" என்றான் விஜேந்திரன்.

"ஜௌபர் நானா கடைண்ணே."

"ஒங்கம்மா ஒன்னைய அங்கயா பெத்தா? பிளாஸ்டிக் வாளிக்கும் தும்புத்தடிக்கும் நடுவுலயா?"

"ஒனக்கும் அவங்கதானே அம்மா" என்றான் நிருபன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிருபன் செய்த குற்றம் இதுதான்: வேலைக்கு எழுதிப் போட்டபோது, சொந்த விலாசத்துக்குப் பதிலாக டவுனில் இருக்கும் ஜௌபரின் இரும்புக்கடை விலாசத்தைக் கொடுத்துவிட்டான். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. கடைக்காரர் போன் பண்ணி வாழ்த்தும் சொல்லிவிட்டார். அதில்தான் மாட்டிக்கொண்டான்.

நிருபனைத் தனியாகக் குறைசொல்லவும் முடியாது. தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே மேசையில் படுக்கும், பிறகு யாருடைய சட்டைப் பையிலாவது ஊர் சுற்றும், நேர்முகத் தேர்வு முடிந்து வேலையும் இன்னொருவனுக்குப் போன பிறகு, தேநீர்க் கறையோடு லயத்துக்கு வந்து சேரும். ஆகவே, தபால் திணைக்களத்தின் கணக்குப்படி மேட்டு லயத்து இளைஞர்கள் பாதிப்பேர் ஜௌபரின் கடையில், ஆணிப் பெட்டிகளின் மேல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"அட்ரஸை மறைக்கிறவன் அப்பன் பேரையே மறைச்ச மாதிரி. தூ! எனக்கு ஒன்னையப் பாக்கவே அருவருப்பா இருக்குடா."

"லயம்னு போட்டா கூப்பிட மாட்டாங்கண்ணே."

"கூப்பிடலைன்னா போகாத! நான் எங்கயாச்சும் மறைச்சிருக்கேனா? எவன் கேட்டாலும் சொல்லுவேன், நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்."

கமலாதேவி கேத்தலைத் தூக்கி இருவர் நடுவிலும் 'டங்'கென்று வைத்தாள்.

"அட்ரஸ் கெடக்கட்டும் தம்பி. மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க. காய்ச்சியும் நாறுது."

உண்மையிலேயே நாறியது. அழுகின இறாலும் சவர்க்காரமும் சேர்ந்து வேகவைத்தது போன்ற நாற்றம். விஜேந்திரன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்தான். அன்றிரவு முதுகெலும்பைப் பற்றி அதன் பிறகு பேச்சு எழவில்லை.

நாற்றத்துக்கு ஊற்று மேலே இருந்தது. லயத்துக்கு மேல்புறம், ரோட்டோரமாக, கொழுந்தெடுக்காமல் காடாகிப்போன ஒரு தேயிலை மலை. சில மாதங்களாகப் பிரதேச சபையின் டிராக்டர் அங்கே வந்து, எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களின் குப்பையைக் குடைசாய்த்துவிட்டுப் போகிறது. இறால் ஓடு, வெள்ளைக்காரன் கடித்து வைத்த பாண், முடிக் கற்றை, பேர் சொல்ல முடியாத ஈரத் துணிகள். மழை பெய்தால் அவ்வளவும் கறுப்புச் சாறாக இறங்கி, லயத்துத் தண்ணீர் டாங்கிக்கு வரும் ஓடையில் கலக்கும். ஈக்குப் பயந்து மேட்டு லயத்தில் பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். கமலாதேவியின் மகள் மயூரிக்கு உடம்பெல்லாம் கொப்புளம். வயிற்றோட்டத்தில் பதுளை ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டது குழந்தை. அடுத்த தடவை வரும்போது தண்ணீரை மாற்றிவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீரை எந்தக் கடையில் மாற்றுவதென்று அவர் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தையே நிரந்தரக் குப்பைமேடாக்கச் சபை திட்டமிட்டிருந்தது. 'கழிவு முகாமைத்துவ நிலையம்' என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைத்துவிட்டால் நாற்றம் பாதி போய்விடும் என்பது அரசாங்க நம்பிக்கை. திட்டமிடல் கூட்டத்தில் பிரதேசவாசிகள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது.

விஜேந்திரன் டியூஷன் மாஸ்டர். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் குடியியல் பாடம் எடுப்பவன். குடிமகனின் உரிமைகளை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் ஒப்பிப்பான். எனவே லயத்து வாசலில் ஒத்திகை நடத்துவது அவன் பொறுப்பாயிற்று.

"கையைத் தூக்கணும். கூப்பிட்டா மைக்குக்குப் போகணும். பேரு, அட்ரஸ். அப்புறம் மூணு நிமிசம் ஒங்களுது. தவிசாளரைப் பாத்துத்தான் பேசணும்."

"தவிசாளரா? அது யாரு, தவிடு விக்கிறவரா?" என்றாள் கமலாதேவி.

லயமே சிரித்தது. விஜேந்திரன் சிரிக்கவில்லை.

"சபைக்குத் தலைவர் அண்ணி. ஐயா, சாமி, தொரைன்னு கும்பிடக் கூடாது. அட்ரஸ் சொல்லும்போது தலை நிமிரணும். 'கிரேன்ஹில் தோட்டம், மேட்டு லயம், ஏழாம் காம்பரா.' எங்க, சொல்லுங்க."

அவள் சொன்னாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வது போன்ற குரல்.

"சத்தமா! கூச்சமென்ன? கடை அட்ரஸ் குடுக்கிற கழுதை ஒண்ணு நம்ம வீட்டுல இருக்கு. அது மாதிரி நீங்களும் ஆயிறாதீங்க."

நிருபன் வாளியை எடுத்துக்கொண்டு டாங்கிப் பக்கம் போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோது வாளியில் தண்ணீர் இல்லை. குழாய் வாயை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பொருளைத்தான் குச்சியில் தூக்கிவந்தான். குழந்தைகளுக்குக் கட்டும் பம்பஸ் ஒன்று, ஊதிப் பெருத்தது. எந்த நாட்டுக் குழந்தையுடையதோ. கமலாதேவி அதைப் பார்த்தாள். பிறகு ஒரு ஷொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து, அதைப் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கு அண்ணி?"

"சாட்சிக்கு" என்றாள்.

சபை மண்டபத்தில் கதிரைகளுக்குப் பஞ்சமில்லை. முன்வரிசைகளில் டவுன் வியாபாரிகளும் ஹோட்டல்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைகள் காலியாகக் கிடந்தன. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை, உட்காரு என்றும் யாரும் சொல்லவில்லை. விஜேந்திரன் மட்டும், தேய்த்த நீலச் சட்டை கசங்காமல், பின்வரிசை ஓரக் கதிரையில் பாதி உட்கார்ந்தான். மீதிப் பாதி எந்நேரமும் எழும்பத் தயாராக இருந்தது.

தவிசாளர் சிங்களத்தில் பேசினார். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பு அதிகாரி இரகுநாதன், யாழ்ப்பாணத்து ஆள், அதைத் தமிழாக்கினார். முதலில் கமலாதேவியைக் கூப்பிட்டார்கள்.

"பேரையும் விலாசத்தையும் சொல்லுங்கோ அம்மா."

"கமலாதேவி. கிரேன்ஹில் தோட்டம், மேட்டு லயம், ஏழாம் காம்பரா." தலை நிமிர்ந்துதான் இருந்தது. விஜேந்திரனுக்குப் பெருமையாக இருந்தது, தன்னை நினைத்து.

தவிசாளர் ஏதோ முணுமுணுத்தார். இரகுநாதன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அது விலாசம் இல்லை. வீட்டு இலக்கம், வீதிப் பேர் இருக்கோ?"

"வீதி எங்கங்க இருக்கு? படிதான் இருக்கு. மழைக்கு அதுலயும் பாதி போயிருச்சு."

முன்வரிசையில் சிரிப்பு. நல்ல நகைச்சுவைக்குக் கிடைக்கும் சிரிப்பு.

"அது தோட்ட நிர்வாகத்தின்ர காணி அம்மா. நிர்வாகம் திட்டத்துக்குச் சம்மதிச்சிட்டுது. சபையின்ர பதிவில அந்த இடத்தில குடியிருப்பாளர் எண்டு ஒருத்தரும் இல்லை. குடியிருப்பாளர்தான் இதில கருத்துச் சொல்லலாம்."

"ஒருத்தரும் இல்லையா?" கமலாதேவி திரும்பிச் சுவரோரம் நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், யாராவது குறைந்துவிட்டார்களா என்பது போல. "அப்ப ஓட்டுக் கேக்க இவரு எந்த வீட்டுக்குங்க வந்தாரு? எங்க வாசல்ல நின்னுதானே பிளேன்டீ குடிச்சாரு?"

இரகுநாதன் இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, மொழிபெயர்த்தார். தவிசாளர் கோபப்படவில்லை. கனிவாகச் சிரித்தார்.

"அது தேர்தல் இடாப்பாம் அம்மா, வாக்காளர் பட்டியல். இது திட்டமிடல் பதிவாம்."

கமலாதேவி ஷொப்பிங் பேக்கின் முடிச்சை அவிழ்த்து மேசை மேல் வைத்தாள்.

கைக்குட்டைகள் மூக்குக்குப் பறந்தன. ஒரு உறுப்பினர் கதிரையோடு பின்னால் நகர்ந்தார். பியோன் ஓடிவந்து, இரண்டு விரலால் பேக்கைத் தூக்கி வெளியே கொண்டுபோய், திரும்பி வரும்போது வாசனை டின் ஒன்றோடு வந்தான். மேசையைச் சுற்றி அடித்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, கமலாதேவி நின்ற இடத்தைச் சுற்றியும் ஒரு சுற்று அடித்தான். மல்லிகை மணத்தது.

"சபைக்குள்ள அசுத்தமான பொருள் கொண்டுவரப்படாது" என்றார் இரகுநாதன். அவர் கண்கள் மேசையை விட்டு எழவில்லை.

"அதைத்தாங்க நாங்களும் சொல்ல வந்தோம். எங்க டாங்கிக்குள்ள கொண்டாந்து போடப்படாதுன்னு."

மைக் அணைக்கப்பட்டது. அடுத்த பெயர் விஜேந்திரன்.

பின்வரிசையிலிருந்து மைக்குக்கு அதிக தூரமில்லை. ஆனால் அந்தத் தூரத்துக்குள் விஜேந்திரன் நிறையப் பார்த்துவிட்டான். மூக்கிலிருந்து இன்னும் இறங்காத கைக்குட்டைகளைப் பார்த்தான். வாசனை டின்னோடு தயாராக நின்ற பியோனைப் பார்த்தான். தன் நீலச் சட்டையைப் பார்த்தான். மல்லிகை வாசம் அதில் பட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்தான்.

"பெயர்?"

"விஜேந்திரன்."

"விலாசம்?"

தவிசாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதுகெலும்பு என்ற உறுப்பு எங்கே இருக்கிறதென்று விஜேந்திரனுக்கு முதன்முறையாகச் சரியாகத் தெரிந்தது. அது வியர்த்தது.

"இலக்கம் நாற்பத்து மூன்று, பசார் வீதி."

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜௌபர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சுவரோரத்தில் நிருபன் தலையைக் குனிந்துகொண்டான், வெட்கப்பட வேண்டியவன் தான்தான் என்பது போல.

"ஆ, ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சினார் தவிசாளர். பேனா ஓடியது. முகங்கள் தெளிந்தன. பியோன் டின்னைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டான்.

விஜேந்திரன் அருமையாகப் பேசினான். சுற்றாடல் என்றான். பொதுச் சுகாதாரம் என்றான். வருங்காலச் சந்ததி என்றான். டாங்கி, ஓடை, மயூரி என்ற சொற்கள் மட்டும் வாய்வரை வந்து திரும்பிப் போயின. அவை பசார் வீதியில் குடியிருப்பவனுக்கு எப்படித் தெரியும்? முன்வரிசை தலையாட்டியது. தவிசாளர் கேட்டதை இரகுநாதன் சொன்னார்: "இதால உங்களுக்கு என்ன பாதிப்பு எண்டு கேக்கிறார். நீங்கள் டவுனில எல்லோ இருக்கிறியள்?"

மண்டபம் காத்திருந்தது. கமலாதேவியும் காத்திருந்தாள். அவள் உட்காரவில்லை, வெளியே போகவும் இல்லை. அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். நான் அங்கே பிறந்தவன், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் என்ற ஒரு வார்த்தை.

"மணம்…" என்றான் விஜேந்திரன். "ரோட்டுல போகையில, மணம் வருது."

தவிசாளர் உறுப்பினர்களோடு குனிந்து பேசினார். சுவரிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்துக் கொஞ்சம் கீழே இழுத்தார். பிறகு தீர்மானம் வாசிக்கப்பட்டது. நகரவாசி ஒருவரின் நியாயமான ஆட்சேபனையைச் சபை ஏற்றுக்கொள்கிறது. நிலையம் ரோட்டோரத்திலிருந்து அகற்றப்பட்டு, உட்புறமாக, கீழே பள்ளத்துப் பக்கம் அமைக்கப்படும். அயலில் குடியிருப்பாளர் எவரும் ஆட்சேபிக்கவில்லை.

பள்ளத்துப் பக்கம் இருந்தது லயத்துத் தண்ணீர் டாங்கி.

கைதட்டல் எழுந்தது. மக்கள் கருத்தைக் கேட்டுத் திட்டத்தையே மாற்றிய சபைகள் நாட்டில் அதிகமில்லை.

கூட்டம் கலைந்தபோது ஜௌபர் அவன் தோளைத் தொட்டார். "தம்பி, எங்கட கடைக்கு எப்ப குடி வந்தீங்க? சொல்லியிருந்தா ஒரு பாய் போட்டிருப்பேனே." கேலியாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெளியே, குப்பை வாளிக்குள் பியோன் போட்டிருந்த ஷொப்பிங் பேக்கைக் கமலாதேவி தேடி எடுத்தாள். இலக்கமும் வீதிப் பெயரும் மும்மொழியில் எழுதியிருந்த சபையின் பெயர்ப்பலகைக்கு வந்து, அதன் இரும்புக் காலில் பேக்கை இறுக்கிக் கட்டினாள்.

"இந்தாம்மா, என்ன செய்றீங்க?" என்று காவலாளி அதட்டினான்.

"இங்கன நம்பர் இருக்கு, ரோடும் இருக்கு. அட்ரஸ் உள்ள எடத்துலதானே எதையும் சேக்கணும்? சேத்துட்டேன்" என்றாள். பிறகு நிருபனைப் பார்த்து, "வாய்யா போவோம். புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி டவுன்ல இருந்துதான் தூக்கணும்" என்றாள். விஜேந்திரனை அவள் கூப்பிடவில்லை.

அவனும் படியிறங்கத்தான் போனான். இரகுநாதன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம். தீர்மானத்தின்ர பிரதி உங்களுக்கு அனுப்ப வேணும்." அவர் கமலாதேவி போகும் திசையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விலாசத்தில மாத்த ஏதாவது இருந்தா, இப்ப சொல்லலாம்."

கேட்டுக்குப் பக்கத்தில் கமலாதேவி ஒரு கணம் நின்றாள். செருப்பு வாரைச் சரிசெய்வதற்காக இருக்கலாம்.

"இல்லைங்க ஐயா" என்றான் விஜேந்திரன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அதே விலாசம்தான்."