செகரட்டரி வீட்டுக்குக் கடைசித் தண்ணீர்

ராஜகீழ்ப்பாக்கம் மல்லிகா நகரில் சங்கத்துக்கு செகரட்டரி தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டி கிடையாது, ரம்மிதான். தண்ணீர் லாரிக்கும் தெருவிளக்குக்கும் அலைந்து ஊர் ஏச்செல்லாம் வாங்கும் வேலைக்கு எவன் முன்வருவான்? அதனால் பிரசிடெண்ட் சம்பந்தம், தன் நிலத்தை மனை போட்டு விற்ற மகராசன், கண்டுபிடித்த வழி இது. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆட வேண்டும். ஜெயித்தவர் தப்பித்தார். தோற்றவர்கள் மறுபடி தங்களுக்குள் ஆட வேண்டும். கடைசியாகத் தோற்பவர்தான் ஒரு வருஷத்துக்கு செகரட்டரி. இதற்குப் பெயர் ஃப்ரெண்ட்லி டோர்னமெண்ட்!

எட்மண்ட் மூன்று வருஷமாக செகரட்டரி. ஏச்சைக்கூடத் துடைத்துப் போட்டுவிடுவார். அவரால் தாங்க முடியாதது சங்கத்தின் இன்னொரு வழக்கம்: செகரட்டரி வீட்டுக்குக் கடைசித் தண்ணீர். ஆசாமி சுருட்டிக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். மூன்று கோடையாக அவர் மனைவி அமலராணி வரிசையின் வாலில் நின்று, லாரியின் அடிமண்டியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். பாதி நாள் அதுவும் கிடைக்காது.

"இந்த வருஷம் நீதான் முதல் ஆள், ராணி" என்று அன்று காலை அவளிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

பதினொரு மணிக்கு சம்பந்தத்தின் கார் ஷெட்டில் மிச்சம் இரண்டே பேர், எட்மண்டும் எதிர்வீட்டுக் கேசவனும். நூற்றொரு புள்ளியைத் தொட்டால் அவுட். எட்மண்ட் எண்பத்தைந்தில் இருந்தார், கேசவன் தொண்ணூறில். கை மோசமென்று ஸ்கூட் விட்டால் இருபது ஏறிவிடும். ஆக, எது வந்தாலும் ஆடியே தீர வேண்டும், எழுந்து ஓட வழியில்லை. தப்பித்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். 

ஆனால் வந்த கையைப் பார்க்க வேண்டுமே! மூன்றாவது சுற்றிலேயே எல்லாம் சேர்ந்துவிட்டது. டைமன் எட்டு ஒன்றுதான் பாக்கி.

"இன்னா சார், மூஞ்சி பளபளன்னு கீது?" என்றான் கேசவன். "நம்ம கை ஒரே பேஜாரா கீது."

எட்மண்ட் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தார். கிளாவர் மூன்று. வேண்டாத சீட்டு, திறந்து போட்டுவிட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. நேற்றே வந்திருக்க வேண்டிய லாரி!

மூன்று வருஷப் பழக்கம். ஹாரன் கேட்டால் அவர் உடம்பு தானாக எழுந்துவிடும். கிளாவர் மூன்றை நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டைப்பையில் செகரட்டரியின் விசிலைத் தேடினார்.



"சார், சீட்டைக் கவுத்துட்டீங்களே" என்றார் சம்பந்தம். "கவுத்தா ஷோதானே, ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்?"

"ஐயோ, லாரி வந்துடுச்சேன்னு..."

"ரூல்னா ரூல்தான் சார். கையை விரிங்க."

விரித்தார். டைமன் ஏழும் ஒன்பதும் நடுவில் எட்டு இல்லாமல் கிடந்தன. தப்பு ஷோ, ஃபுல் எண்பது. கேசவனும் தன் கையைக் காட்டினான், ஒன்றோடொன்று ஒட்டாத குப்பை. எட்மண்டுக்கு ஐம்பது வயதில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வுடு சார், ஃப்ரெண்ட்லி மேட்ச்தான" என்று கேசவன் தோளில் தட்டினான். "சீக்கிரம் போ சார், லாரிக்காரன் கெளம்பிடப் போறான்."

போனார். வேறு யார் போவது?

லாரியின் பின்னால் குடங்கள் தெருமுனை வரை நீண்டிருந்தன. வரிசையின் தலையில் இரண்டு பச்சைக் குடங்களோடு அமலராணி. சர்ச் பூசைக்குக் கட்டிப்போன புடவையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், விசில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். விசில் யார் வாயில் இருக்கிறது என்று பார்த்தாள்.

 இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களைத் தூக்கிக்கொண்டு, அவரைத் தாண்டி வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.

எட்மண்ட் குழாயைப் பிடித்தார். "முதல் குடம் யாருது?" என்றார். "வாங்க."