ஷாக் போட்ட குளம்

நீச்சல் குளத்தோடுதான் வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது கணவன். குடிவந்த முதல் கோடையில் சின்னப் பையன் மாதிரி அதில் குதித்துக் கும்மாளமிட்டான். அப்புறம் வேலை, வெளியூர்ப் பயணம் என்று ஆகிப்போய், குளம் மெல்ல மெல்ல டீச்சரின் தலையில் வந்து விழுந்தது. டீச்சர் என்பது அவன் மனைவி. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். வீட்டில் மாமனார்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

குளத்தில் தினமும் இறங்குகிற ஒரே ஆள் அந்த மாமனார்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தண்ணீருக்குள் நடங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அங்கிருந்து மறுபடி இந்தக் கரை. பழைய தடத்தில் பஸ் ஓட்டுவதுபோலவே நடப்பார். திரும்பும் இடத்தில் கையைக்கூட நீட்டுவார்.

அந்த வருஷம் வெயில் ஏறியதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. சுவரைத் தொட்டால் வழவழவென்று இருந்தது. ஒரு வாளித் தண்ணீரை மொண்டு எடுத்துக்கொண்டு டீச்சர் குளத்து மருந்துக் கடைக்குப் போனாள்.

"தினம் போடற குளோரின் பத்தலம்மா. ஒரேடியா ஷாக் குடுக்கணும்" என்றார் கடைக்காரர். "பொடிய வாளித் தண்ணில கரைச்சு, சாயங்காலம் வெயில் போனப்புறம் ஓரமா சுத்தி ஊத்துங்க. வெயில் இருந்தா மருந்த அதுவே தின்னுடும். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடணும். வேகம் அடங்கற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது."

பள்ளி விட்டு வந்து, இலை அரித்து, சுவர் தேய்த்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பொடியைக் கரைத்து ஊற்றினாள். மறுநாள் அவள் எழுந்து வருவதற்குள் மாமனார் நடுக்குளத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"மாமா, இறங்கக் கூடாதுன்னு நேத்தே சொன்னேனே."

"சொன்ன. ஆனா தண்ணி நல்லாத்தானம்மா இருக்கு. கண்ணுதான் கொஞ்சம் எரியுது. மருந்த அள்ளிக் கொட்டிட்ட போல."

அடுத்த முறை குளத்தின் படிக்கட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். மறுநாள் காலை அந்தக் கயிற்றில் மாமனாரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை அவருக்குக் கண் எரியவில்லையாம். "இப்பத்தான் உனக்குக் கை அளவு பிடிபட்டிருக்கு" என்று பாராட்டினார்.

பாராட்டு அவளுக்கு உறைக்கவில்லை. தண்ணீர்தான் உறைத்தது. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் சிவக்க வேண்டும். ஆனால் அது நிறமே மாறாமல் வெறுமனே நின்றது. அத்தனை பொடியும் ஒரே இரவில் எங்கே போனது? இன்னும் கூடுதலாகப் போட்டாள். மறுநாளும் அப்படியே. வடிகட்டியைக் கழுவினாள். குளத்து ஓரத்து மரத்தில் கிளைகளை வெட்டச் சொன்னாள். பாசி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தது.

கணவன் போனில், "கடைக்காரர் கிட்ட கேளேன்" என்றான்.

"கேக்காமலா இருக்கேன்? வாரா வாரம் அவர் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருக்கேன். நீங்க வந்து ஒரு நாள் அந்தச் சுவரத் தேய்ச்சுப் பாருங்க, அப்புறம் யோசனை சொல்லுங்க."

"சரி சரி, ஏன் கோவப்படற" என்று அவன் வைத்துவிட்டான்.

அந்த வாரம் கடையில் கூட்டமில்லை. தன் சோதனையெல்லாம் ஒப்பிப்பதுபோல அவள் சொல்லி முடித்தாள். கடைக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"வினோதமா இருக்கேம்மா. உங்க பேட்டைல இன்னொரு வீட்டுல நேர் எதிர்ப் பிரச்சினை. முழங்கால் முடியாத ஒரு பெரியவர். வீட்டுல யாரோ குளோரினக் கணக்கில்லாம கொட்டறாங்களாம். அத முறிக்கற உப்ப வாங்கிட்டுப் போறாரு. போட்டுக் கலக்கினா கொஞ்ச நேரத்துல குளோரின் செத்துரும்."

டீச்சர் வாளியைக் கீழே வைத்தாள். "அந்தப் பெரியவர் பஸ் ஓட்டினவரா?"

"ஆமா, ஊர் ஊரா ஓட்டின கதையெல்லாம் சொல்வாரே. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"எங்க மாமா."

கடைக்காரர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமனாரின் அறைக் கதவைத் தட்டினாள். கட்டிலுக்கடியில், பழைய ஷூக்களுக்குப் பின்னால் அந்த உப்பு டப்பா இருந்தது. அவரே எடுத்துக் கொடுத்தார்.

"நான் மருந்து போடறேன். நீங்க அத முறிக்கறீங்க. நடுவுல பாசி ராஜபோகமா வளருது. என்ன மாமா இது? வேலைக்குப் போயிட்டு வந்து முதுகு ஒடிய தேய்ச்சதெல்லாம் எதுக்கு?"

"கொஞ்சூண்டுதான்மா போட்டேன்."

"கொஞ்சூண்டு போட்டாலே போதும்னு டப்பாலயே எழுதியிருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு நாள் இறங்கலேன்னா மறுநாள் கக்கூஸ்ல உக்காந்தா எந்திரிக்க முடியல டீச்சர்" என்றார். "இத எப்படி உன்கிட்ட வந்து சொல்றது? தண்ணிக்குள்ள நின்னாத்தான் முழங்கால் இருக்கறதே மறந்துபோகுது."

அவள் கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

"ஷாக் போட்ட மறுநாள் உங்கள நான் பொது நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நடங்க. இங்க மட்டும் கை வைக்காதீங்க."

"நீ சொன்னா சரி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷாக் போட்டாள். சனிக்கிழமை, ஒரு வாரமாக ஏங்கிய தூக்கத்தை விட்டுவிட்டு, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனாள். வழி நெடுக, பிரேக்கை இப்படி மிதிக்கக் கூடாது, அப்படி மிதிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பொதுக் குளத்தின் கேட் பூட்டியிருந்தது. அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: ஷாக் மருந்து போட்டிருப்பதால் இன்று குளம் விடுமுறை.

டீச்சர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

உள்ளே நீளக் குச்சியில் வலை கட்டி இலை அரித்துக்கொண்டிருந்த குளத்துக்காரர் கேட்டருகே வந்தார். "பெரியவரே, இன்னிக்கு இறங்க முடியாது. பாசி வராம இருக்க ஷாக் குடுத்திருக்கோம். அது வேலை செய்யறப்ப குறுக்க போகக் கூடாது. கண்ணு, தோலு எல்லாம் கெட்டுடும்."

மாமனார் கம்பியைப் பிடித்தபடி கவனமாகத் தலையாட்டினார். "அப்படிங்களா? சாயங்காலமா போடுவீங்களோ?"

"ஆமா. வெயில்ல போட்டா வீண்."

"மோட்டார் ஓடணுமோ?"

"ராத்திரி முழுக்க."

அவர் காருக்குத் திரும்பி வந்து ஜன்னலருகே குனிந்தார். "கேட்டியா டீச்சர்? விஷயம் தெரிஞ்சவர் எப்படிப் புட்டுப் புட்டு வைக்கறார் பாரு. இத இப்படி யாராவது விளக்கமா சொல்லியிருந்தா நான் ஏன் இறங்கப் போறேன்?"

வாயைத் திறந்தால் கார் கண்ணாடி தெறித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் ஏறி பெல்ட்டைப் போடும்வரை காத்திருந்து, பிரேக்கை வேண்டுமென்றே அழுத்தி மிதித்துக் காரைத் திருப்பினாள்.

அன்று வெயில் சாயும்போது சோதனைக் குழாய் முதல் தடவையாக நன்றாகச் சிவந்தது. அடுத்த சில நாட்களில் பச்சை வெளிறி, கலங்கல் தெளிந்து, அடியில் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஷாக் போடும் பொறுப்பை மாமனாரே ஏற்றுக்கொண்டார். போட்ட மறுநாள் காலையில் மட்டும் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இந்த யோசனை டாக்டருடையது. டாக்டரைக் கேட்க யோசனை சொன்னது டீச்சர்.

தேர்வுத்தாள் திருத்தித் தலை வெடித்துப்போய் வந்த ஒரு நாள், அவளுக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு முறையாவது விழ வேண்டும் போலிருந்தது. உடை மாற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். படிக்கட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வர? இப்பத்தான் ஷாக் போட்டிருக்கேன். அது வேலை செய்யறப்ப குறுக்க போகக் கூடாதும்மா. கண்ணு, தோலு எல்லாம் கெட்டுடும். படிச்சவ, உனக்கே தெரிய வேண்டாமா?"

டீச்சர் அவரையும் பார்த்தாள், கண்ணாடி போலக் கிடந்த தண்ணீரையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், குளியலறைக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு, ஷவருக்கடியில் நின்றாள்.