ஜெயலட்சுமியின் கையெழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னலில் கிடைத்தது. ஒட்டுக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தொம்மலூரில் எங்கள் சந்து அவ்வளவு குறுகல். காது தானாகவே எதிர்வீட்டுக்குள் போய்விடுகிறது. அந்த வீட்டு லாவண்யாவைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். அவள் அம்மா ஜெயலட்சுமியையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா என்று சண்டைக்கு வராதீர்கள், கதையே அதைப் பற்றித்தான்.

2

முதல் தொடக்கம்: 'மழை விட்ட ஒரு மாலையில், கல்லூரி நூலகத்தில் லாவண்யா—'

வேண்டாம். அந்த நூலகத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: 'எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில்—'

நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். லாவண்யா பி.காம். கடைசி வருடம். அது வேலைக்கு. கூடவே மைனர் என்று இன்னொரு பாடம் எடுத்தாக வேண்டும் என்பது அவள் கல்லூரியின் விதி. எல்லோரும் மார்க்கெட்டிங் எடுக்க, இவள் ஐரோப்பாவின் இடைக்காலமும் மறுமலர்ச்சிக் காலமும் எடுத்தாள். (ஏன் என்பதற்குச் சந்தில் நான்கு காரணங்கள் உலவின. மதிய வகுப்பு, தூங்கலாம் என்பது நான் கிளப்பியது.)

கீரைக்காரி சின்னத்தாயி நேராகவே கேட்டுவிட்டாள். "வெள்ளக்காரன் செத்து எண்ணூறு வருசம் ஆவுது. அவனப் படிச்சு இன்னாமா பண்ணப் போற?"

"பாஸ் பண்ணப் போறேன் அக்கா."

3

ஒருநாள் வகுப்பில் ஷில்பா மேடம், அந்தக் காலத்தில் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட பெண்களைப் பற்றிச் சொன்னார். தேவாலயச் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை. பெண் உள்ளே போனதும் செத்தவர்களுக்கான ஜெபத்தை அவளுக்குப் படித்துவிட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள். அதன்பின் சாகும்வரை வெளியே வரக் கூடாது. பூனை வளர்க்கலாம். தெருப்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு, அதில் வம்பு பேசக் கூடாது என்று விதி. (விதி போட்டார்கள் என்றால் பேசினார்கள் என்றுதானே பொருள்? இதைச் சொன்னது மேடமா, லாவண்யாவா, நானே சேர்த்ததா, நினைவில்லை.)

மற்ற பிள்ளைகள் ஐயோ பாவம் என்றார்கள். லாவண்யா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது, அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி அரைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயலட்சுமி வாசலைத் தாண்டி நான்கு வருடம் ஆகிறது. முட்டி வலி என்று பெயர். அவள் ஸ்டூல்மேல் ஏறி ஒட்டடை அடிப்பதைச் சந்தே பார்த்திருக்கிறது. இருந்தாலும் "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்போம். "அப்படியேதான் கீது" என்பாள். எங்கள் மரியாதை அப்படிப்பட்டது.

4

லாவண்யா முப்பது பக்கம் எழுதினாள். பாதி அந்தப் பெண்கள், பாதி அம்மா.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பெற்றவளை விற்று மார்க் வாங்குகிறாளோ? முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன்: 'கெட்டிக்காரி லாவண்யா, அம்மாவின் துக்கத்தை—' அடித்துவிட்டேன். பதினேழு வயதிலிருந்து ரேஷன், கரண்ட் பில், கேஸ் எல்லாவற்றுக்கும் ஓடுபவள் அவள். அம்மா வெளியே வருவதில்லை என்பதை முட்டியைச் சேர்க்காமல் அவள் ஒருவரிடம் சொன்னது, அந்த முப்பது பக்கத்தில்தான்.)

ஷில்பா மேடம் பென்சிலால் இரண்டு குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஒன்று: உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டி, வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கையெழுத்து வாங்கி வா, இல்லையென்றால் துறை இதை ஏற்காது. ஏற்காவிட்டால் மைனர் இல்லை, இந்த வருடம் பட்டம் இல்லை, ஜூனில் சேர வேண்டிய வேலையும் இல்லை. இரண்டு: அந்தப் பெண்களின் கதவை அடைத்தது பாதிரியார். உன் அம்மாவின் கதவை அடைத்தது யார்?

5

புதன்கிழமை மதியம். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (இரண்டு துண்டுதான். நேரம் பிடித்தது.)

"அம்மா, ஒரு கையெழுத்து வேணும். நான் எழுதுனதுல நீ வர."

"நானா? நான் இன்னா ராணியா?"

லாவண்யா தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். ஜெயலட்சுமி பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினாறாம் பக்கத்தில் பீன்ஸ் ஒடிக்கும் சத்தம் நின்றது.

"அந்தப் பொம்பளைங்கள யாரு உள்ள போகச் சொன்னது?"

"அவங்களேதான் கேட்டாங்கம்மா. பெரிய சாமியார் ஒத்துக்கினாதான் போவ முடியும்."

"நான் யாரையும் கேக்கல."

"தெரியும்மா."

"அப்ப இன்னாத்துக்கு என்ன அவங்களோட சேத்த?"

லாவண்யா பக்கத்தைப் புரட்டினாள்.

"முட்டி வலின்னு எழுதியிருக்கலாம் இல்ல?"

"எழுதினேன். அடிச்சிட்டேன்."

"நான் போடலன்னா படிப்பு பூடுமா?"

"ம்."

"வேலையும்?"

"ம்."

"பேனாவ வெச்சிட்டுப் போ."

6

மேடத்தின் இரண்டாவது குறிப்பில் இருந்த கேள்விக்கு லாவண்யா கடைசிப் பக்கத்தில் பதில் சேர்த்திருந்தாள். ஒரே சொல்: 'விசாரித்தவர்கள்.' அதையும் படித்தாள். எனக்கும் கேட்டது.

நான்கு வருடத்துக்கு முன் ஜெயலட்சுமியின் கணவன் சீனு, டாக்சி ஓட்டுகிறவன், ஊர் எல்லையைத் தாண்டி அத்திபெலேவுக்குச் சவாரி போனான். அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். மறுநாள் பால் வாங்க வந்தவளிடம், "சீனு வந்துட்டானா?" என்று ஏழு பேர் கேட்டார்கள். அதற்கு மறுநாள் ஒன்பது பேர். எட்டாம் நாள் பாலுக்கு லாவண்யா வந்தாள்.

அந்த ஏழு பேரில் நான் மூன்றாவது. முதல் ஆள் யாரென்று தெரியும். சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

7

முடிவு ஒன்று: ஜெயலட்சுமி கையெழுத்துப் போடுகிறாள், மகள் வேலைக்குப் போகிறாள், அம்மா ஜன்னலிலேயே இருக்கிறாள். நடக்கக்கூடியது.

முடிவு இரண்டு: போட மறுக்கிறாள். 'ஜூன் மாதத்திலிருந்து அந்த ஜன்னலில் இரண்டு முகங்கள்—' இதற்குமேல் எழுத முடியவில்லை.

முடிவு மூன்று: மேடத்தின் எதிரிலேயே போடுகிறேன் என்று மகளோடு கிளம்பிவிடுகிறாள். இதை எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் சாத்தியிருந்தது. மழைக்குக்கூடச் சாத்தாத ஜன்னல். சின்னத்தாயி இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க பூட்டா?"

"தெரியாது."

எனக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோலப் பார்த்தாள்.

அவர்கள் வாசல் என் ஜன்னலுக்குத் தெரியாது, சந்து முனையைத் தாண்டி இருக்கிறது, பதினைந்து அடி. கதவில் பூட்டுத் தொங்கினால் இரண்டு பேரும் வெளியே போயிருக்கிறார்கள். தொங்காவிட்டால், இருந்த ஒரே ஜன்னலையும் அவள் சாத்திக்கொண்டாள். இதைவிட அற்பமான சேதிக்கெல்லாம் நான் அத்திபெலே வரை பஸ் ஏறியிருக்கிறேன்.

போகவில்லை. நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். வழியில் ஜெயலட்சுமி எதிரே வந்தால் மட்டும், ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழி விடுங்கள்.