திருடன் இல்லாத குடும்பம்

க்வெண்டாவுக்கு ஒரு திருடன் கிடைத்தான், எனக்குக் கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. நன்றாகவே எரிந்தது.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் வட்டார வரலாற்று அறை இருக்கிறது. செவ்வாய்தோறும் கிழவிகள் நாலைந்து பேர் அங்கே கூடிச் செத்துப்போனவர்களைத் தேடுவோம். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்த நாட்டுக்குக் கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட மூதாதை ஒருவன் அகப்பட்டால் அந்த வீட்டுக்குத் தனி மவுசு. என் அம்மா காலத்தில் இதை வெளியே சொல்லவே கூசுவார்கள். இப்போதோ வரலாற்றுச் சங்கம் கால்விலங்கு வடிவில் ஒரு வெள்ளி பேட்ஜ் கொடுக்கிறது. ஆண்டு விருந்தில் முன் மேசை அதைக் குத்தியிருப்பவர்களுக்குத்தான்.

க்வெண்டா என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் அவளுக்கு, எனக்கு மரம். ரோஜாச்செடிப் போட்டியில் கோப்பையும் வருஷா வருஷம் அவளுக்கே. இப்போது ஜோசையா பாஸ்கோ என்ற எள்ளுத்தாத்தா வேறு. லண்டனில் ஒரு முழுப் பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி மாட்டிக்கொண்ட புண்ணியவான்.

என் ஆட்கள்? தேவாலயத்தில் மணியடித்தவர்கள். டிக்கெட் வாங்கிக் கப்பலேறியவர்கள். ஒருத்தனாவது ஒரு கோழியைத் தூக்கியிருக்கக் கூடாதா?

"என்ன நோரீன், இன்னும் ஒரு அயோக்கியனும் மாட்டலையா?" என்றாள் க்வெண்டா, வந்து உட்காரும்போதே.

"தேடிக்கிட்டுதான்டி இருக்கேன்."

"விடுடி. எல்லாருக்குமா அமையும்?"

அந்த நேரம் பார்த்து நூலகர் கல்லம் பழைய செய்தித்தாள் படச்சுருளை இயந்திரத்தில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "நோரீன், இங்க வாங்க. உங்க அப்பா வீட்டுப் பேரு வருது. போலீஸ் செய்தியில!"

நான் ஓடிப்போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கடவுளே, ஒரு சின்னத் திருட்டாக இருந்தால்கூடப் போதும் என்று வேண்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன். தப்பியோடிய கைதி ஜோசையா பாஸ்கோவைச் சோளக்காட்டில் விரட்டிப் பிடித்தவர் கான்ஸ்டபிள் ஏப்ரஹாம் டக்வெல் என்று போட்டிருந்தது.

டக்வெல் என் அப்பா வீட்டுப் பெயர். சுருளை உடனே நகர்த்தியிருக்க வேண்டும். அதற்குள் என் தோளுக்குமேல் க்வெண்டாவின் மூக்கு வந்துவிட்டது.

"அடியே! உன் ஆளுதான் என் ஆளப் புடிச்சுக் குடுத்திருக்கான்! சனிக்கிழமை விருந்துல பேச எனக்கு இதவிட வேறென்ன வேணும்?" அவள் சிரித்தாள். கல்லம் சிரித்தான். அறையே சிரித்தது. "நீயும் வந்துடுடி. நான் மேடைல 'இதோ அந்தப் போலீஸ்காரன் பேத்தி'ன்னு சொல்றப்ப, பின்னாடி மேசைலேர்ந்து எழுந்து கையக் காட்டு."

சிரித்து முடித்து எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். க்வெண்டாவின் கம்பளிச் சட்டை நாற்காலியில் தொங்கியது, பேட்ஜோடு.

கை தானாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன். நான்தான் அனுப்பினேன். எடுத்ததை ஒளிக்கவும் இல்லை, என் சட்டையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீக் கோப்பையோடு திரும்பி வந்தவள் தன் சட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏய், அது என்னோடது! திருடிட்டியா?"

"ஆமாடி."

"வெட்கமா இல்ல? போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. நம்ம ஊர்ப் பத்திரிகைக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லு."

க்வெண்டா கையிலிருந்த டீயைத் தரையில் சிந்திக்கொண்டு நின்றாள். ராணி வேஷம் போட்ட நாளிலிருந்து அவளை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. நான் கல்லம் பக்கம் திரும்பினேன்.

"கல்லம், செய்தி வந்தா அந்தப் பேப்பர இங்க பத்திரமா எடுத்து வைப்பா. டக்வெல்னு பேரு போட்டு வை. என் பேத்தியோட பேத்தி ஒருநாள் வந்து தேடுவா. அவளாவது முன் மேசைல உக்காரட்டும்."