டெய்சி உட்கார்ந்த இடம்

ஆஸ்பத்திரி வாசல் வரிசையில் நின்ற செல்லக்கிளியின் முன்னால் வந்ததும் போலீஸ் நாய் டெய்சி உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை. வெடிமருந்து வாசம் பட்டால் சத்தமில்லாமல் உட்கார வேண்டும் என்றுதான் அதைப் பழக்கியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த ஏட்டு நல்லகாமனுக்குப் பயம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. காலையில் ஒரு வாணவேடிக்கைக்காரரின் முன்னால் உட்கார்ந்தது. சரி, நியாயம். அப்புறம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் எதுவும் இல்லை, அவர் நின்ற இடத்தில் வேப்பமர நிழல் இருந்தது.

அக்கினி நட்சத்திர வெயில். ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறக்க அமைச்சர் வருகிறார். நோயாளியைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் நாய் மோந்துதான் உள்ளே விட வேண்டும் என்று உத்தரவு. கொஞ்ச நேரம் வேலை பார்த்தால் நாய்க்கு ஓய்வு வேண்டும். நாக்கைத் தொங்கப் போட்டு வாயால் மூச்சு வாங்கும் நாய்க்கு மூக்கு இருந்தும் இல்லாததுதான். இதை இன்ஸ்பெக்டர் சீதாராமனிடம் நல்லகாமன் சொல்லிப் பார்த்தான். "நிக்கட்டும்யா. நாய் நிக்கறதப் பாத்தாலே எவனும் கிட்ட வரமாட்டான்" என்றார் அவர். எனவே டெய்சி நின்றது. அவனும் நின்றான்.

"என்ன வேலை பாக்குற தாயி?" என்று செல்லக்கிளியைக் கேட்டான் நல்லகாமன்.

"கெணத்து வேலைங்கய்யா, கொட்டாம்பட்டிப் பக்கம். பாறைக்கு வச்ச தோட்டா வெடிக்காம நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரு எறங்கி எட்டிப் பாத்தாரு. அப்பத்தேன் வெடிச்சுச்சு."

கட்டியிருந்த சேலையின் முந்தானை பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அதைக் கிழித்துத்தான் புருஷனின் காலைச் சுற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு மாற்றுச்சேலை கட்டவில்லை.

"காலை எடுத்தாத்தேன் ஆளு பொழைப்பாருன்னு டாக்டரு சொன்னாரு. நான் கைநாட்டு வைக்கணுமாம். இவுக அண்ணன கேக்காம எப்படிய்யா வைக்க? பஸ் ஏறிப் போயிக் கேட்டுட்டு வாரேன். எடுக்கச் சொல்லிட்டாரு. பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணுமாம்யா. என்னைய விட்ருங்க."

நாய் பொய் சொல்லவில்லை என்று நல்லகாமனுக்குத் தோன்றியது. அந்தச் சேலையிலும் மயிரிலும் நகக்கண்ணிலும் மருந்து ஏறியிருக்கும். குண்டு கொண்டுவந்தவள் யார், வெடிபட்டவனைத் தூக்கிவந்தவள் யார் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இல்லை, வெறுமனே கால் வலித்துக்கூட உட்கார்ந்திருக்கலாம். வருஷக்கணக்காகக் கூடவே கிடக்கிற அவனுக்கே எதுவென்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவளுடைய பையைக் கவிழ்த்தார்கள். ஒரு துண்டும் வெற்றிலையும் விழுந்தன.

"நெஜமா உக்காந்துச்சா, சும்மாவா?"

"சொல்ல முடியலங்கய்யா."

"நீ சொல்லாம நாயா சொல்லும்?"

நிஜம் என்றால் அமைச்சரின் காரை நிறுத்த வேண்டும். சும்மா என்றால், இதுவரை உள்ளே போனவர்களையெல்லாம் யார் சோதித்தது என்ற கேள்வி வரும். "கெணறு வெட்டப் பூதம் பொறப்பட்ட கதைதான்" என்று முனகிக்கொண்டே சீதாராமன் நெற்றியைத் துடைத்தார். கார்கள் பாலம் தாண்டிவிட்டதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். இனி அமைச்சர் திரும்பும் வரை பொதுமக்களுக்குக் கதவு திறக்காது.

"ஐயா, பொம்பளப் போலீஸ் உள்ளதான் இருக்காங்க. நான் கூட்டிட்டுப் போயி சோதிச்சிர்றேன்."

"சத்தமில்லாமக் கொண்டு போ. ஒண்ணும் இல்லேன்னா வெளிய தள்ளு. கார் வரும்போது நாய் இங்க நிக்கணும்."

அத்தனை கூட்டமும் வெளியே நிற்க, நாய் யார்மேல் சந்தேகப்பட்டதோ அவளுக்கு மட்டும் கதவு திறந்தது. வாசலை ஒட்டிய காவலாளி அறையில் பெண் போலீஸ் அவளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, கூட்டிட்டுப் போங்க" என்றாள். வெளிக்கதவு இடதுபுறம். நல்லகாமன் கதவைப் பார்த்தான். செல்லக்கிளி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெமோ கொடுப்பார்கள், கொடுக்கட்டும். அவனுக்கு எல்லாமே சலித்துப் போயிருந்தது.

"எந்த வார்டு தாயி?" என்று கேட்டுக்கொண்டே வலதுபுறம் நடந்தான். அவள் ஓடினாள். டெய்சி நாக்கைத் தொங்கப் போட்டபடி பின்னால் இழுபட்டு வந்தது.

"நாயெல்லாம் உள்ள கொண்டு வராதீங்க சார்!" என்று நர்ஸ் கத்தினாள். செல்லக்கிளியைக் கண்டதும், "எங்கம்மா போயித் தொலைஞ்ச, உன்னால எம்புட்டு நேரம் போச்சு" என்று கத்தலை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மைப்பெட்டியை எடுக்கப் போனாள்.

செல்லக்கிளியின் புருஷன் காளை கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தான். டெய்சி தானாகவே கட்டிலின் கால்மாட்டுக்குப் போயிற்று. துணி சுற்றிய காலை ஒரு தடவை மோந்தது. உட்கார்ந்தது. தலையைத் தூக்கி நல்லகாமனைப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் பயந்து காலை இழுத்துக்கொண்டார். வெளியே விசில் சத்தமும் கார்கள் வந்து நிற்கும் சத்தமும் கேட்டன. நாய் வாசலில் நிற்க வேண்டிய நேரம். கயிற்றை நல்லகாமன் இழுக்கவில்லை.

நர்ஸ் செல்லக்கிளியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்திவிட்டுப் போனாள். அவள் மைவிரலைத் தலைமயிரில் தேய்த்துக்கொண்டு, நாயைச் சுற்றி வந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த புருஷனின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வருகிறவரை விடவில்லை.