எதிர்காற்றில் ஓடிய எஸ்டீம்

என் கணவர் மணிகண்டனுக்கு ஒரு கெட்ட புத்தி. நன்றாக ஓடுகிற வண்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, பிரித்துப் போட்டுவிடுவார். மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எங்கள் மெக்கானிக் ஷெட். வருகிறவர்களின் வண்டியைப் பிரித்தால் அது பிழைப்பு. வீட்டுக்கென்று வாங்கிய பழைய எஸ்டீம் காரையும் பிரித்துப் போட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? திட்டித் தீர்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அதனால் ரொம்பவும் பேசக்கூடாது.

நான் உப்பளத்துக்காரர் மகள். அப்பாவின் உப்பு டெம்போவைக் கல்யாணத்துக்கு முன்பே பிரம்மதேசம் வரைக்கும் ஓட்டிப் போய் வந்திருக்கிறேன். பொம்பளை டெம்போ ஓட்டுகிறாள் என்று வாயைப் பிளந்தவர்களை எல்லாம் ஹாரன் அடித்தே ஓரம் கட்டியிருக்கிறேன். 2006 மார்ச்சில் சோழவரத்தில் கார் பந்தயம் என்று சேதி வந்தபோது, ஒரு வண்டிக்கு ஒருவர்தான் ஓட்டலாம் என்றார்கள். வண்டி ஒன்று, ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். அவருக்கு அது வேண்டும், எனக்கு அவரைவிட அதிகமாக வேண்டும். விட்டுக்கொடுக்கிற நல்ல மனைவி என்று பெயர் வாங்க எனக்கு அப்போதும் ஆசையில்லை, இப்போதும் இல்லை.

"சண்டை வேணாம். உப்பளத்து ரோட்டுல ஓட்டிப் பாக்கலாம். யார் சீக்கிரமா வர்றாங்களோ அவங்க போவட்டும்" என்றார்.

"பேச்சு மாறக்கூடாது" என்றேன்.

"மாற மாட்டேன்டி, அம்மா மேல சத்தியம்."

அதற்கு முன்னால் வண்டியைத் தயார் செய்தோம். பானெட்டுக்குள்ளே இருக்கும் காற்று கொதிக்கிற காற்று. சூடான காற்றில் சத்து குறைவு, இன்ஜினுக்கு மூச்சு முட்டும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்று நேராகப் போனால் இழுவை கூடும். அதற்காக முன் பம்பரை அறுத்து அகலமாக ஒரு வாய் வைத்து, அதற்குப் பின்னால் ஏர் ஃபில்டரை மாட்டினார். வாய் பெரிதாக இருந்தால் நிறைய சாப்பிடும் என்பது அவர் கணக்கு. என் மாமியார் அஞ்சம்மாள் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், பம்பரைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்காமலே நின்றார்.

"ஏம்பா, உன் வண்டி என்னாத்துக்குக் கொட்டாவி விடுது?" என்றார்.

காற்று வண்டிமேல் எப்படிப் போகிறது என்று பார்க்க, வாசல் தோரணம் பின்ன அவர் வைத்திருந்த உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி பானெட் முழுக்க டேப் போட்டு ஒட்டினோம். காற்று ஒழுங்காகப் போனால் நூல் பின்னால் படுத்திருக்கும். எங்கே முட்டித் தடுமாறுகிறதோ அங்கே எழுந்து ஆடும். தோரணம் போச்சே என்று மாமியார் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

உப்பளத்து ரோடு கடலிலிருந்து மேற்கே நூல் பிடித்த மாதிரி போகும். இரண்டு பக்கமும் பாத்திகள், நடுவில் தார் ரோடு, ரோட்டில் இரண்டு மதகுகள். அவைதான் எங்கள் எல்லை. காலையில் உப்பு வாருகிறவர்களும் லாரிகளுமாக இருக்கும். மதிய வெயிலுக்கு எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் ரோடு காலி. அதனால் மதியத்துக்கு மேல் போனோம். முடிகிற மதகில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நிற்க வேண்டும், கிளம்புகிறவர் ஹெட்லைட்டை அடித்துக்காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

முதலில் அவர் கிழக்கு மதகிலிருந்து ஓட்டி வந்தார். நான் மேற்கு மதகில் வாட்சை அழுத்தினேன். வண்டி வந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. இறங்கி வாட்சை வாங்கிக்கொண்டு, நான் வந்த டிவிஎஸ் மொபெட்டில் ஏறினார்.

"மறுபடி எதுக்கு அந்தக் கோடிக்கு எடுத்துக்கினு போய்ப் பெட்ரோலை வேஸ்ட் பண்ணணும்? நீ இங்கேருந்து கடல் பக்கம் ஓட்டிட்டு வா. நான் அங்க போய் நிக்கறேன்" என்றார்.

சரியென்றுதான் எனக்கும் பட்டது. ஓட்டினேன். பாதி தூரம்வரை வண்டி என் பேச்சைக் கேட்டது. நூறைத் தாண்டியதும் ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகிவிட்டது. டெம்போ சேற்றில் வழுக்கும்போதுகூடக் கைக்கு ஒரு பிடி இருக்கும், இதில் அதுவும் இல்லை. பானெட் வெடவெடவென்று நடுங்கியது, முன்வரிசை நூலெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தோற்றுவிடுவேன் என்று எடுக்கவில்லை.

அப்படியும் தோற்றேன். இறங்கி நின்றேன். ஒன்றும் நடக்காத மாதிரி கதவில் சாய்ந்துகொண்டேன்.

"பரவால்ல மலரு, நல்லாத்தான் ஓட்டின" என்றார். தோற்றவளுக்கு ஆறுதல் வேறு! அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாட்சையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் துப்பட்டா மூஞ்சியை மூடிக்கொண்டு மேற்கே பறந்தது. இழுத்துப் பிடித்தேன். மறுபடியும் பறந்தது.

எங்கள் ஊரில் காற்று அடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மதியம் ஆனால் கடல்காற்று எழும்பும், உப்பு விளையும், அவ்வளவுதான். மூச்சு விடுகிறோம் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் நின்ற எனக்கே அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"யோவ்! நீ காத்தை முதுகுல வச்சுக்கினு ஓட்டின. எனக்கு மூஞ்சில விட்ருக்க!"

"எதிர்காத்து இன்ஜினுக்கு நல்லதுதானே? வாய்க்குள்ள நெறைய போவும்ல? பாத்தா உனக்குத்தான் லாபம்."

"வாய்க்குள்ள ஒரு படி போச்சு, நெஞ்சுல ஒரு மூட்டை முட்டுச்சு. யாருக்குக் காது குத்தற? தெரிஞ்சேதானே பண்ண?"

அவர் டிவிஎஸ்ஸை ஸ்டாண்டு போட்டார். அது நன்றாகத்தான் நின்றது, திரும்ப எடுத்துத் திரும்பப் போட்டார்.

"தெரிஞ்சுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், ஊருக்கே தெரியும். அன்றைக்குக் குரல் வரவில்லை. அம்மா மேல் சத்தியம் பண்ணிய வாய். ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன்.

"ஏன்?"

"முன்பக்கம் தூக்குது மலரு. போன வாரம் தனியா பின்காத்துல ஓட்டிப் பாத்தப்பவே தூக்குச்சு. ஸ்டீயரிங் கையில நிக்கல. உன்கிட்ட சொன்னா நம்ப மாட்ட, என்னைக் கழட்டி வுடப் பாக்கறான்னு சொல்லுவ. நீ தோத்துட்டா பந்தயத்துல உக்கார மாட்டல்ல, அதான்."

"அப்ப நீ உக்காந்து சாவலாமா?"

"நான் எப்டியாவது சமாளிச்சுக்குவேன்."

"சமாளிப்ப! சமாளிச்சு என்னை நடுத்தெருவுல நிக்க வைப்ப!" இப்போது குரல் வந்துவிட்டது. அழுகையும் வந்தது. "அறிவிருக்குதா உனக்கு? பின்காத்துலயே தூக்கற வண்டி எதிர்காத்துல என்னா ஆவும்? என்னைக் காப்பாத்தறேன்னு அதுலதானே என்னை அனுப்பின?"

அவர் முகம் வெளிறிவிட்டது. எதிர்காற்றில் நான் மெதுவாக வருவேன் என்பதுவரை யோசித்த மனுஷன், அதற்கு மேல் யோசிக்கவேயில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கும் தூக்குச்சா?"

"தூக்குச்சு."

"இறங்கினதும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாவியைப் புடுங்கிக்குவன்னுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். தார் ரோடு சுட்டது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவர் எனக்காக மறைத்தார், நான் எனக்காக மறைத்தேன். எது பெரிய தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சாதகமாக ஒன்றும் தேறவில்லை. இரண்டு பேருக்கும் வண்டியைப் பற்றிப் பேச வாய் ஓயாது. இதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

அந்தக் காரின் மேல் ஒரு குறையும் இல்லை. கம்பெனி விட்டபடி ஒழுங்காகத்தான் இருந்தது, கெடுத்தது நாங்கள். பெரிய வாய் வழியாகப் புகுந்த காற்றில் இன்ஜின் குடித்தது கொஞ்சம். மிச்சம் வெளியே போக வழியில்லாமல் பானெட்டுக்குள் அடைந்து, வண்டிக்கு அடியில் இறங்கி மூக்கைத் தூக்கியிருக்கிறது. வாயைக் கையளவுக்குச் சிறிதாக்கினோம். அங்கிருந்து ஃபில்டர் வரை இடையில் கசியாதபடி மூடின பைப் போட்டோம். பம்பருக்குக் கீழே தரைக்கு நெருக்கமாக அலுமினியத் தகடு கட்டினோம், அடியில் காற்று புகாமல். அதற்குள் மாமியார் ராசியாகி மிச்ச நூலையும் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. கடல்காற்று எழும்பும் முன்னால், விடிந்ததும் போனோம். பாத்தித் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இந்த முறை இரண்டு பேரும் கிழக்கிலிருந்து மேற்கே.

அவர் ஓட்டிவிட்டு இறங்கி, "தூக்கல. பயப்படாம ஓட்டு. லேசா ஆனா உடனே காலை எடுத்துடு, என்னா?" என்றார்.

நான் ஓட்டினேன். பானெட்டின்மேல் நூலெல்லாம் படுத்தே இருந்தது. ஸ்டீயரிங் கனமாகக் கையில் உட்கார்ந்திருந்தது. மேற்கு மதகைத் தாண்டி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் வாட்சை நீட்டினார். நான்தான் முந்தியிருந்தேன். மயிரிழைதான், ஆனாலும் முந்தியிருந்தேன். குதிக்கத்தான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குதிக்கவில்லை.

"வேணும்னா இன்னொரு வாட்டி ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"வேணாம்" என்றார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார். டிரைவர் சீட்டைப் பந்தயத்துக்காகத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார், அவர் கால் நீளத்துக்கு. நான் முதுகுக்குத் தலையணை வைத்துத்தான் ஓட்டியிருந்தேன். அந்தப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சீட்டை முன்னால் நகர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முடுக்கினார். சரியாக இருக்கிறதா என்று ஏறி உட்காரப் பார்த்தார். முட்டி இரண்டும் டேஷ்போர்டில் இடித்தது.

வெளியே வந்து கையைத் துணியில் துடைத்தார்.

"எனக்குப் பயமா இருக்குது மலரு" என்றார்.

"எனக்கும்தாங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.